மூட்டை பாதியானால்

2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை மூன்று நாடுகளின் மக்காச்சோள வயல்களை அருகருகே வைத்துக் கணக்குப் பார்த்தது. பீட்டர் விட்டூசெக் என்ற அமெரிக்கச் சூழலியலாளரும் பல நாட்டு மண்ணியல் அறிஞர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. மேற்குக் கென்யாவில் ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு ஆண்டு முழுவதும் போன உர நைட்ரஜன் 7 கிலோ. அமெரிக்காவின் மத்திய மேற்கில் 93 கிலோ. வட சீனச் சமவெளியில், ஒரே ஆண்டில் கோதுமையும் மக்காச்சோளமும் அடுத்தடுத்து விளையும் வயல்களில், 588 கிலோ.

வரவை மட்டுமல்ல, செலவையும் அவர்கள் எழுதினார்கள். கென்ய வயலில் உள்ளே போனதைவிட அறுவடையோடு வெளியேறியது ஹெக்டேருக்கு 52 கிலோ கூடுதல். அமெரிக்க வயலில், சோயா காற்றிலிருந்து பிடித்துத் தந்ததையும் சேர்த்தால், வரவும் செலவும் ஏறக்குறைய நேராகிவிடுகின்றன. சீன வயலில் பயிர் எடுத்தது போக ஆண்டுக்கு 227 கிலோ மிச்சம். அந்த மிச்சம் வயலிலேயே தங்குவதில்லை. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் காற்றுக்கும் போகிறது.

நைட்ரஜன் உரத்தைக் குறைத்தால் விளைச்சல் விழுமா, மண் கெடுமா என்று கேட்டால் இந்த மூன்று வயல்களும் மூன்று விதமாகப் பதில் சொல்லும். சீன விவசாயி பாதியாகக் குறைத்தாலும் கதிரில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். கென்ய விவசாயியிடம் குறைக்கச் சொல்வது கேலிக்கூத்து. இதை விட்டுவிட்டு, உரம் நல்லதா கெட்டதா என்று மேடை போட்டு வாதிடுவதில்தான் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நிறைய மூச்சு வீணாகியிருக்கிறது.

பயிரின் தேவையைக் கணக்கிடுவது கடினமல்ல. ஒரு டன் நெல் விளைய, வைக்கோலில் சேர்வதையும் கூட்டினால், பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எடுக்கிறது. ஹெக்டேருக்கு 5 டன் விளைய ஏறத்தாழ 85 கிலோ வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ நைட்ரஜன். அப்படியானால் நாலு மூட்டை போதுமே என்று தோன்றும். ஆனால் இடுகிற யூரியாவில் நெற்பயிரின் வேருக்குப் போய்ச் சேருவது மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான்.

மிச்சம் எங்கே போகிறது என்பதை நீர் தேங்கிய வயலில் ஒரு பகல் முழுவதும் நின்று பார்த்தால் புரியும். யூரியாவைத் தூவியதும் மண்ணிலும் நீரிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியமாக உடைக்கிறது. வெயில் ஏற ஏற, வயல் நீரில் மிதக்கும் பாசி ஒளிச்சேர்க்கைக்காக நீரிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது, நீர் காரமாகிறது, நண்பகலில் அதன் பி.எச். 9-ஐயும் தாண்டும். அந்த நிலையில் அம்மோனியம் வாயுவாக மாறிப் பறந்துவிடும். காற்றடித்தால் இன்னும் வேகமாகப் போகும். மண்ணில் தங்கியதில் ஒரு பகுதி நைட்ரேட்டாகி, காற்றுப் புகாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்களின் கையில் சிக்கி, மறுபடியும் நைட்ரஜன் வாயுவாகவோ நைட்ரஸ் ஆக்சைடாகவோ வெளியேறுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். காசு கொடுத்து வாங்கிய உரம் காலநிலையையும் சேர்த்துக் கெடுக்கும் இடம் இது.

மூட்டையிலிருந்து வருவது இவ்வளவு குறைவு என்றால் பயிர் வாழ்வது எதை நம்பி? மண்ணை நம்பித்தான். நைட்ரஜன்-15 என்ற கனமான ஐசோடோப்பைக் கலந்த உரத்தை இட்டு, அறுவடையான நெல்லில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. உரம் தாராளமாக இட்ட வயலில்கூட நெல் எடுக்கும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் மண்ணின் கரிமப் பொருளிலிருந்து வந்ததுதான் என்பதே அவற்றில் திரும்பத் திரும்பக் கிடைத்த விடை.

ஒரு ஹெக்டேரின் மேல்மண் சுமார் 2,000 டன். அதில் கரிமம் 1 சதவீதம் என்றால் 20 டன் கரிமம். அதோடு பிணைந்த நைட்ரஜன் ஏறத்தாழ 2 டன். இதில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் நுண்ணுயிர்களால் உடைக்கப்பட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. அதாவது 40 முதல் 80 கிலோ. ஒரே ஆண்டு உரம் குறைந்தால் பல வயல்கள் அதைத் தாங்கிவிடுவதற்கும், குறைவான உரத்தில் முதல் போகம் நன்றாக வந்ததைப் பார்த்து ஏமாறுவதற்கும் காரணம் இந்தக் கையிருப்பே.

கையிருப்பு கரைவதை நூற்றாண்டுக் கணக்கில் பார்த்த வயல் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்டுஷயரில், ரோதாம்ஸ்டெட் பண்ணையின் பிராட்பால்க் வயல். 1842-இல் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை வாங்கிய ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து 1843 இலையுதிர் காலத்தில் அங்கே கோதுமை விதைத்தார். வயலை நீளமான பட்டைகளாகப் பிரித்து ஒன்றுக்குத் தொழு உரம், ஒன்றுக்கு உப்புகள், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று வைத்தார்கள். அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது.

அன்று ஐரோப்பாவின் பெரிய வேதியியலாளர் ஜெர்மனியின் யூஸ்டஸ் ஃபான் லீபிக். பயிருக்கு வேண்டிய நைட்ரஜனைக் காற்றிலும் மழையிலும் இருக்கும் அம்மோனியாவே கொடுத்துவிடும், மண்ணுக்குத் தாது உப்புகளைக் கொடுத்தால் போதும் என்பது அவர் கட்சி. நைட்ரஜன் இல்லாத உரம் ஒன்றைச் சந்தைக்கும் கொண்டுவந்தார். பிராட்பால்க்கில் அதே மாதிரி மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்டும் கொடுத்த பட்டை, எதுவும் கொடுக்காத பட்டையைவிட அதிகமாக ஒன்றும் விளையவில்லை. அம்மோனியம் உப்பைச் சேர்த்ததும் கோதுமை எழுந்து நின்றது. இரு தரப்புக்கும் பல ஆண்டுகள் காரசாரமான சண்டை. வயல் லாஸ் பக்கம் நின்றது.

இதைவிட முக்கியமான விடை 17, 18 என்ற எண்ணுள்ள இரண்டு பட்டைகளில் கிடைத்தது. ஓராண்டு 17-க்கு நைட்ரஜன், 18-க்குத் தாது உப்புகள்; அடுத்த ஆண்டு மாற்றி. நைட்ரஜன் கிடைத்த ஆண்டில் கோதுமை செழித்தது, கிடைக்காத ஆண்டில் அதே பட்டை உடனே படுத்துவிட்டது. போன ஆண்டு இட்ட மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மண்ணில் மிஞ்சியிருந்தன. நைட்ரஜன் உப்பின் பலன் மட்டும் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. பட்டைகளுக்கு அடியில் 1849-இல் பதித்த வடிகால் குழாய்களின் நீரைப் பிறகு சோதித்தபோது காரணமும் தெரிந்தது. எவ்வளவு கூடுதலாக இட்டார்களோ அவ்வளவு கூடுதலாக நைட்ரேட் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அதே பண்ணையில் ஹூஸ்ஃபீல்டு என்ற பார்லி வயல் இதற்கு நேர்மாறான கதையைச் சொல்கிறது. அங்கே ஒரு பட்டைக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் 35 டன் தொழு உரம் இட்டு, பிறகு ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். நிறுத்தி நூறாண்டு கடந்த பின்னும் அந்தப் பட்டையின் மண்ணில் கரிமச்சத்தும் நைட்ரஜனும், உரமே காணாத பக்கத்துப் பட்டையைவிட அதிகமாக இருந்தன. பார்லியும் கூடுதலாக விளைந்தது. உப்பாக வந்த நைட்ரஜன் ஒரு பருவத்துக்கு. மட்கோடு பிணைந்தது பேரன் காலத்துக்கும். உரத்தைக் குறைக்கப் போகிறவர் தன் வயல் இந்த இரண்டில் எதை நம்பி இத்தனை நாள் விளைந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ரசாயன நைட்ரஜன் மண்ணின் உயிரை எரித்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. இதற்கு ஆதரவாக ஓர் ஆய்வும் உண்டு. இல்லினாயில் 1876 முதல் நடக்கும் மாரோ பாத்திகளின் மண் மாதிரிகளைப் பார்த்த சயீத் கான், ரிச்சர்ட் முல்வானி குழுவினர், தேவைக்கு மேல் இட்ட நைட்ரஜன் மட்கு சிதைவதை விரைவாக்குகிறது என்று 2007-இலும் 2009-இலும் எழுதினார்கள். பெரிய சர்ச்சை கிளம்பியது. பிறகு ஜே. கே. லதா என்ற மண்ணியல் அறிஞரும் கூட்டாளிகளும் உலகெங்கும் நடக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நீண்டகாலச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உழுது பயிரிடும் நிலத்தில் கரிமம் பொதுவாகவே குறைகிறது. ஆனால் நைட்ரஜன் இட்ட பாத்தியில் அது இடாத பாத்தியைவிடச் சற்றுக் கூடுதலாகவே தங்கியிருந்தது. பிராட்பால்க்கிலும் அதே நிலைதான். விஷயம் நேரானது: நன்றாக வளர்ந்த பயிர் அதிகமான வேரையும் தாளையும் மண்ணில் விட்டுப்போகிறது. எனவே உரத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் வேரும் தாளும் குறையும், சில ஆண்டுகளில் மட்கும் குறையும், அப்புறம் மண்ணே தரும் தழைச்சத்தும் குறையும். அது விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்பது போலத்தான். அன்றைக்கு வயிறு நிறையும்.

அதற்காக யூரியாவுக்கு நற்சான்று கொடுத்துவிட வேண்டாம். இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நீண்டகாலச் சோதனையில் ஒரு பாத்திக்கு மணிச்சத்தோ சாம்பல் சத்தோ சுண்ணாம்போ இல்லாமல் நைட்ரஜன் மட்டுமே ஆண்டுக்காண்டு இட்டுவந்தார்கள். ஏற்கெனவே அமிலத்தன்மை கொண்ட மலை மண் அது. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போதெல்லாம் மண்ணில் அமிலம் சேர்கிறது. நாளடைவில் மக்காச்சோளமும் கோதுமையும் அந்தப் பாத்தியில் விளையாமலே போயின. ரோதாம்ஸ்டெட்டின் பார்க் கிராஸ் புல்வெளியிலும் அம்மோனியம் சல்பேட் தொடர்ந்து இட்ட பாத்திகளில் பல வகைப் புல்பூண்டுகள் மறைந்து இரண்டு மூன்று வகை மட்டும் மிஞ்சின. சீனாவின் பயிர் நிலங்கள் 1980-களிலிருந்து இருபது ஆண்டுகளுக்குள் சராசரியாக பி.எச். அரை அளவு புளித்துவிட்டதை குவோ ஜிங்ஹெங் குழுவினர் 2010-இல் காட்டினார்கள். இயற்கையாக இது நடக்கப் பல நூற்றாண்டுகள் பிடிக்கும்.

கூட்டினாலும் கேடு, குறைத்தாலும் கேடு என்றால் எந்த வேகத்தில், எதை மாற்றாக வைத்துக் குறைப்பது? இந்தக் கேள்வியைக் கேட்காமலே ஒரு நாடு முழுவதும் இறங்கிய சோதனை இலங்கையில் நடந்தது.

2019-இல் இலங்கை ஜனாதிபதியாக வென்ற கோத்தாபய ராஜபக்ச, தன் தேர்தல் அறிக்கையில் பத்தாண்டுகளில் நாட்டை இயற்கை வேளாண்மைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார். பத்தாண்டு என்பது யோசிக்கத்தக்க காலம். ஆனால் 2021 மே 6 அன்று வந்த வர்த்தமானி அறிவிப்பு இரசாயனப் பசளை, பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி இறக்குமதியை உடனடியாக நிறுத்தியது. வட மத்திய மாகாணத்தில் விவசாயக் குடும்பங்களை வாட்டும், காரணம் இன்றும் உறுதியாகத் தெரியாத சிறுநீரக நோய் ஒரு நியாயமாகச் சொல்லப்பட்டது. சொல்லாத நியாயம் டொலர். 2020-இல் பசளை இறக்குமதிக்கு மட்டும் சுமார் 26 கோடி டொலர் செலவாகியிருந்தது. கொரோனாவால் சுற்றுலா வருமானம் வற்றியிருந்தது.

2021 சிறுபோகம் கையிருப்பில் இருந்த பசளையால் பெரிய சேதமில்லாமல் தப்பியது. ஆபத்தான தப்பித்தல் அது. பிரச்சினை ஒன்றுமில்லை என்று கொழும்பில் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். இரணைமடுக் குளத்தின் கீழும் அம்பாறையிலும் பொலன்னறுவையிலும் பெரும்போக விதைப்பு தொடங்கியபோது கடைகளில் யூரியா இல்லை. கறுப்புச் சந்தையில் கிடைத்த மூட்டை பல்லாயிரம் ரூபாய்.

மாற்று எவ்வளவு வேண்டும் என்பதை ஓர் உறையின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டிருக்கலாம். நல்ல கூட்டெருவில் நைட்ரஜன் 1 முதல் 1.5 சதவீதம். ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் வேண்டுமானால் 7 முதல் 10 டன் கூட்டெரு. பெரும்போகத்தில் நெல் விதைக்கும் பரப்பு ஏறக்குறைய ஏழரை லட்சம் ஹெக்டேர். ஆக 50 முதல் 75 லட்சம் டன் கூட்டெரு, அதுவும் ஆறு மாதத்தில். அத்தனையும் கிடைத்திருந்தாலும் கூட்டெருவின் நைட்ரஜனில் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு சிறு பங்குதான். மிச்சம் மட்காக மண்ணில் தங்கும். ஹூஸ்ஃபீல்டில் நூறாண்டு நின்றதும் அந்த மிச்சமே. பத்தாண்டுத் திட்டத்தில் அது வரம். ஆறு மாதத் திட்டத்தில் அதே குணம் இடைஞ்சல்.

உள்ளூரில் இல்லாததை வெளியில் தேடினார்கள். சீனாவிலிருந்து சேதனப் பசளை (இயற்கை உரம்) ஏற்றிவந்த ‘ஹிப்போ ஸ்பிரிட்’ கப்பலின் மாதிரியில் பயிருக்கு நோய் தரக்கூடிய எர்வினியா நுண்ணுயிர் இருப்பதாகத் தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகள் சொல்ல, கப்பல் திரும்பியது. கடைசியில் 67 லட்சம் டொலர் கொடுக்க வேண்டிவந்தது. இந்தியாவிலிருந்து நானோ யூரியா விமானத்தில் வந்தது. அரை லிட்டர் புட்டியில் 4 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20 கிராம். மூட்டையில் 20 கிலோ. இலை எவ்வளவு திறமையாக உறிஞ்சினாலும் ஆயிரம் மடங்கு இடைவெளியை எப்படித் தாண்டும் என்பதற்கு இன்றுவரை நம்பத்தகுந்த விளக்கம் வரவில்லை.

வயலில் என்ன தெரிந்தது? நைட்ரஜன் போதாதபோது பயிர் பழைய இலைகளிலிருந்து அதை உருவிப் புதிய இலைக்கு அனுப்பும். அதனால் மஞ்சள் முதலில் அடியிலைகளின் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக உள்ளே இறங்குகிறது. தூர் கட்டும் பருவத்தில் பக்கத் தூர்கள் வெடிக்காமல் பயிர் ஒற்றை ஒற்றையாக நிற்கும். தூர் குறைந்தால் கதிர் குறைவு. கதிர் உருவாகும் தருணத்திலும் பட்டினி நீடித்தால் கதிருக்கு மணிகள் குறைவு. பிறகு எவ்வளவு கொட்டினாலும் போன தூர் திரும்பாது. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ‘பிஜி’ வரிசை நெல்லினங்கள் உரத்துக்கு ஏற்றபடி விளையத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பச்சைப்பெருமாளோ மொட்டைக்கறுப்பனோ குறைந்த சத்தில் குறைவாக விளையப் பழகியவை. விவசாயிகளின் கையில் இருந்தது முன்னது.

நவம்பரில் தடை விலகியது. அதற்குள் பயிர் தூர் கட்டும் நாட்களைக் கடந்துகொண்டிருந்தது. 2020/21 பெரும்போகத்தில் சுமார் 30 லட்சம் டன்னாக இருந்த நெல், 2021/22 பெரும்போகத்தில் 20 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. முழு ஆண்டுக் கணக்கில் 2021-இல் 51 லட்சம் டன், 2022-இல் 34 லட்சம் டன். தேயிலை 29.9 கோடி கிலோவிலிருந்து 25.1 கோடி கிலோவாக இறங்கியது. கொழுந்து என்பதே இலை. இலை என்பதே தழைச்சத்து. நாளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் பறிக்கும் மலையகத் தொழிலாளர்களுக்கு, கொழுந்து வராத செடி கூலியில் நேரடியாக விழுந்த அடி. நெல் விவசாயிகளுக்கு இழப்பீடாக அரசு 4,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. பசளையில் மிச்சம் பிடிக்க நினைத்தது அரிசி இறக்குமதியில் போனது.

எல்லாப் பழியும் யூரியாத் தட்டுப்பாட்டுக்கே என்று சொல்லிவிட முடியாது. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் இல்லை, 2022-இல் டீசலும் இல்லை. ஆனால் இயற்கை வேளாண்மை தோற்றது என்று அந்த ஆண்டை மேற்கோள் காட்டுவது தவறு. அங்கே இயற்கை வேளாண்மை தொடங்கவே இல்லை. உரம் மட்டும் நின்றது.

இதே காலத்துக்குச் சற்று முன்னால், உலகிலேயே அதிகமாக உரம் கொட்டும் நாடு உரத்தைக் குறைத்து விளைச்சலைக் கூட்டியது. சீன வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜாங் ஃபூசுவோ 2009-இல் ஹெபெய் மாகாணத்தின் குஜோ மாவட்டத்தில் தன் முதுநிலை மாணவர்களைக் கிராமத்திலேயே குடியேற்றினார். விவசாயியின் வீட்டுப் பக்கத்தில் தங்குவது, அவர் வயலிலேயே சோதனை போடுவது, அவர் கேட்கும் கேள்விக்கு அன்றே பதில் தேடுவது. ஏன் இவ்வளவு உரம் என்று விசாரித்தபோது பேராசை காரணமாக இல்லை. இளைஞர்கள் நகரத்து வேலைக்குப் போய்விட்டார்கள். விதைப்புக்கு ஊர் வரும்போது மொத்த உரத்தையும் அடியுரமாகக் கொட்டிவிட்டு ரயிலேறினார்கள். முளைத்த பயிருக்கு அப்போது அது தேவையில்லை. தேவைப்படும் நாளில் மண்ணில் அது இல்லை.

2018-இல் ‘நேச்சர்’ இதழில் சுய் ஜென்லிங்கும் கூட்டாளிகளும் நாடு தழுவிய பெரிய முயற்சியின் பத்தாண்டு முடிவை வெளியிட்டார்கள். 2005 முதல் 2015 வரை 452 மாவட்டங்களில் 2.09 கோடி சிறு விவசாயிகள். நைட்ரஜன் 15 முதல் 18 சதவீதம் குறைந்தது. நெல், கோதுமை, மக்காச்சோளம் விளைச்சல் சராசரியாக 11 சதவீதம் கூடியது. மிச்சமான நைட்ரஜன் 12 லட்சம் டன். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அடியுரத்தைக் குறைத்து மேலுரத்தைப் பயிர் கேட்கும் நாளுக்குத் தள்ளினார்கள். விதை ரகம், நடவு நெருக்கம், விதைப்புத் தேதி எல்லாவற்றையும் அந்தந்த ஊருக்குத் திருத்தினார்கள். உரக் குறைப்பு அந்தத் திருத்தங்களின் பலனாக வந்தது. சட்டம் போட்டுக் குறைத்துவிட்டுத் திருத்தங்கள் தானாக வரும் என்று காத்திருக்கவில்லை.

டென்மார்க் போட்டது சட்டம்தான், ஆனால் படிப்படியாக. 1986 அக்டோபரில் கட்டெகாட் கடலில் ஆக்சிஜன் வற்றி, செத்த கடல் இறால்கள் மீனவர் வலையில் வந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்த ஆண்டே நீர்நிலைகளுக்குப் போகும் நைட்ரஜனைப் பாதியாக்கத் திட்டம். பன்றிச் சாணத்தின் சத்தைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும், அறுவடைக்குப் பின் நிலம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது, நைட்ரேட்டைப் பிடிக்க இடைப்பயிர் விதைக்க வேண்டும் என்று விதிகள் வந்தன. ரசாயன நைட்ரஜன் 1990-க்கும் 2003-க்கும் இடையில் ஏறக்குறைய பாதியானது. விளைச்சல் சரியவில்லை.

பிறகுதான் நுட்பமான தவறு. 1998 முதல் ஒவ்வொரு பயிருக்கும் லாபம் தரும் உச்ச அளவைவிட 10 சதவீதம் குறைவாகத்தான் நைட்ரஜன் அனுமதி. உச்சத்தின் அருகே விளைச்சல் வளைவு தட்டையானது என்பதால் 10 சதவீதக் குறைப்பில் இழப்பு அற்பமே. ஆனால் புதிய ரகங்களால் உச்சம் மேலே நகர்ந்துகொண்டிருக்க, அனுமதி அதே இடத்தில் நின்றது. 2015 வாக்கில் இடைவெளி 20 சதவீதத்தை நெருங்கியது. அடி விழுந்தது தானியத்தின் எடையில் அல்ல, புரதத்தில். கோதுமையின் புரதம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்க, பன்றிகளுக்கு வெளிநாட்டு சோயா கூடுதலாக வாங்க வேண்டிவந்தது. 2015 டிசம்பரில் புதிய அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தும் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன் சூழல் பாதிப்புக் கணக்கை அழகுபடுத்திக் காட்டினார் என்ற குற்றச்சாட்டில் அமைச்சர் ஏவா கெர் ஹான்சன் 2016 பிப்ரவரியில் பதவி விலகினார். வயலின் கணக்கை மூட்டையில் மட்டும் எண்ணுபவர்கள் புரதத்தையும் எண்ண வேண்டும்.

தமிழ்நாட்டு நெல் வயல் கென்யாவும் அல்ல, வட சீனமும் அல்ல. ஆனால் தழைச்சத்து மிகுந்த வயலை டெல்டா விவசாயிக்குக் காட்டிக் கொடுப்பது விஞ்ஞானி அல்ல, புகையான் பூச்சி. கரும்பச்சையாகத் தழைத்து நெருங்கி நிற்கும் பயிரின் அடித்தூரில் பூச்சி அடைகிறது. இலைச்சுருட்டுப் புழுவும் குலை நோயும் பின்னாலேயே வருகின்றன. கதிர் முற்றும் நேரத்தில் ஒரு மழை காற்றுக்குப் பயிர் சாய்கிறது. அப்படிப்பட்ட வயலில் ஒரு மேலுரத்தை விட்டுவிடுவது விளைச்சலைக் கூட்டவே செய்யும்.

அதை முடிவுசெய்ய ஓர் எளிய கருவி உண்டு: இலை வண்ண அட்டை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, பத்துச் செடிகளில் நன்கு விரிந்த மேலிலையை அட்டையின் பச்சைகளோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேரே இலையில் விழக்கூடாது, பார்ப்பவரின் நிழலிலேயே வைத்துப் பார்க்கலாம். பொதுவான ரகங்களுக்கு 4, வெள்ளைப் பொன்னிக்கு 3. பத்தில் பாதிக்கு மேல் அதற்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் பிண்ணாக்கும் 5:4:1 என்று கலந்து ஓரிரவு வைத்திருந்து இடும் பழைய சிபாரிசும் இதே நோக்கத்துக்குத்தான். பிண்ணாக்கு நைட்ரேட்டாகும் வேகத்தைத் தடுக்கிறது. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுதால் அதுவே பல மூட்டைக்கு ஈடு. அந்த 45 நாள் தண்ணீர் எங்கே என்பதுதான் கடைமடை விவசாயியின் கேள்வி.

அட்டை இருந்தும் மூட்டை குறையாததற்குக் காரணம் விலை. 2015-இல் மத்திய அரசு எல்லா யூரியாவுக்கும் வேப்ப எண்ணெய் பூச வைத்தது, 2018-இல் மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 ஆக்கியது. மூட்டைக்கணக்கில் இடுபவர் தெரியாமலே பத்தில் ஒரு பங்கு குறைப்பார் என்ற எண்ணம் அதில் இருந்தது. 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கும்போது, டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய்க்கு விற்கும்போது, மிச்சம் பிடிக்க யாருக்கும் அவசரமில்லை. மண்வள அட்டையும் பெரிதாக உதவவில்லை. ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து ‘குறைவு’ என்று எழுதும் அந்த அட்டை பெரும்பாலான வயல்களுக்கு அதே வார்த்தையைத்தான் தருகிறது.

ஆய்வகத்தைவிட வயலையே கேட்கலாம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் பரப்பிய முறை அது. வயலின் ஓரிடத்தில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர், பக்கத்துத் தண்ணீர் ஏறாதபடி உயரமாக வரப்புக் கட்டி, மற்றச் சத்துகளைக் கொடுத்து யூரியாவை மட்டும் நிறுத்த வேண்டும். அறுவடையில் அந்தப் பாத்தி தருவதே மண்ணின் சொந்தக் கை. அங்கே ஹெக்டேருக்கு மூன்றரை டன் விளைச்சலும், விவசாயியின் இலக்கு ஐந்தரை டன்னும் என்றால் இடைவெளி 2,000 கிலோ நெல். நன்றாகப் பராமரித்த வயலில் 1 கிலோ நைட்ரஜன் சுமார் 20 கிலோ நெல் கூட்டும். ஆக 100 கிலோ நைட்ரஜன், ஐந்து மூட்டைக்குச் சற்றுக் குறைவு. பக்கத்து வயலில் வெறும் பாத்தியே 4.2 டன் கொடுத்தால் 65 கிலோ போதும், மூன்று மூட்டை. பாத்தியைப் போகத்துக்குப் போகம் இடம் மாற்றிப் போட வேண்டும். ஒரே மூலையில் வைத்தால் சில போகங்களில் அந்த மூலையின் கையிருப்பு கரைந்து, முழு வயலுக்கும் தப்பான கணக்கைக் கொடுக்கும்.